குறைந்த விலை புராசசரை ஓவர்கிளாக் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறைந்த செலவில் கணினி அசெம்பிள் செய்துகொண்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். விலை உயர்ந்த புராசசர் வைத்திருப்பவருக்கு ஓவர்கிளாக்கிங், அதாவது புராசசரை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, ஒரு பொழுதுபோக்கு. மலிவான புராசசரைக் கொண்டு வேலையை முடிக்க வேண்டியவருக்குத்தான் ஒவ்வொரு சதவீத வேகமும் உண்மையில் தேவைப்படுகிறது. ஏதாவது கெட்டுப்போனால் மாற்றுக் கணினி இல்லாதவரும் பெரும்பாலும் அவரே. இந்தப் பதில்கள் அவருக்காக எழுதப்பட்டவை.

ஓவர்கிளாக்கிங் என்கிறார்களே, உள்ளே உண்மையில் என்ன மாறுகிறது?

புராசசர் ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. அதற்கான அடிப்படைத் துடிப்பு இன்றைய கணினிகளில் நொடிக்குப் பத்துக் கோடி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். புராசசர் அதை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கெண் 36 என்றால் 3,600 மெகாஹெர்ட்ஸ், அதாவது 3.6 கிகாஹெர்ட்ஸ். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) அந்த 36ஐ 40 ஆக்கினால் 4.0 கிகாஹெர்ட்ஸ். செய்முறை அடிப்படையில் இவ்வளவுதான்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் ஏராளமான டிரான்சிஸ்டர்கள் தம் நிலையை மாற்றி முடித்திருக்க வேண்டும். துடிப்பு வேகமானால் அவற்றுக்குக் கிடைக்கும் அவகாசம் குறைகிறது. முடிக்காமல் பின்தங்கிய ஒரு பகுதி தவறான விடையைத் தரும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக மாறும். கூடவே வெப்பமும் ஏறும். வேகம், மின்னழுத்தம், வெப்பம் ஆகிய மூன்றுக்கும் இடையிலான இந்த இழுபறியை மனத்தில் பதித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

சும்மாவே கூடுதல் வேகம் கிடைக்கும் என்றால், தயாரித்தவர்களே அந்த வேகத்தில் விற்றிருக்க மாட்டார்களா?

ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டி எடுத்த இரண்டு சில்லுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. பெட்டியில் அச்சிட்ட வேகம், அந்த மாடலில் மிக மோசமாக அமைந்த சில்லுக்கும் பொருந்த வேண்டும். காற்றோட்டமில்லாத பெட்டியில், தூசி படிந்த விசிறியோடு, பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்காக விட்டுவைத்த இடைவெளியைத்தான் நாம் பயன்படுத்துகிறோம். சந்தைக் கணக்கும் ஒன்று உண்டு: மலிவான மாடலுக்குத் தேவை அதிகமானால் நல்ல சில்லுகளையும் குறைந்த வேகம் என்று முத்திரையிட்டு விற்பார்கள்.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1998இல் இன்டெல் வெளியிட்ட செலெரான் 300ஏ. அதன் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 4.5. துடிப்பை 100 ஆக்கினால் அந்த மலிவான சில்லு 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அன்றைய உயர்விலை பென்டியம் 2 ஓடிய அதே வேகம்! 2014இல் வந்த பென்டியம் ஜி3258 அந்த வரிசையில் இன்னொன்று: 3.2 கிகாஹெர்ட்ஸ் என்று விற்ற இரண்டு கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) சில்லைப் பலர் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டினார்கள்.

இன்று அந்த அளவு இடைவெளி இல்லை. வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும்போதெல்லாம் புராசசர் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும் பூஸ்ட் வசதியால், நிறுவனங்களே பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டன. ஐம்பது சதவீதம் கூடும் என்ற கனவோடு யாராவது வந்தால், ஐந்திலிருந்து பத்து சதவீதத்தை எதிர்பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என் புராசசரில் இதைச் செய்ய முடியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புராசசர், மதர்போர்டு இரண்டும் இடம் கொடுக்க வேண்டும். இன்டெலில் 2011ஆம் ஆண்டின் இரண்டாம் தலைமுறை கோர் வரிசையிலிருந்து, பெயரின் இறுதியில் 'கே' எழுத்து உள்ளவைதான் பொதுவாகப் பெருக்கெண் பூட்டப்படாதவை, அதாவது அதை நாம் மாற்றக்கூடியவை. அவற்றோடு இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். பி, ஹெச் வரிசைகளில் பெருக்கெண்ணை உயர்த்த முடியாது. மலிவான இன்டெல் புராசசர்களில் 'கே' அரிது. 2017இல் வந்த கோர் ஐ3-7350கே ஒரு விதிவிலக்கு.

ஏ.எம்.டி. இந்த விஷயத்தில் தாராளம். டெஸ்க்டாப் ரைசன் புராசசர்கள் ஏறக்குறைய அனைத்தும் பூட்டப்படாதவை. 5800எக்ஸ்3டி போன்ற சில மட்டும் விலக்கு. 2019இல் வந்த அத்லான் 3000ஜி என்ற அடிமட்ட விலைச் சில்லுகூடப் பூட்டில்லாமல் வந்தது. ஆனால் மதர்போர்டைக் கவனியுங்கள்: பி350, பி450, பி550, பி650 சிப்செட்டுகளில் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) முடியும், ஏ320, ஏ520, ஏ620 சிப்செட்டுகளில் முடியாது. நல்ல ரைசனை வாங்கிவிட்டு, மிச்சம் பிடிக்க ஏ320 பலகை வாங்கி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நிறுவனங்கள் முழுதாக அசெம்பிள் செய்து விற்கும் ஆயத்தக் கணினிகளில் சிப்செட் இடம் கொடுத்தாலும் பயாஸில் அந்தப் பக்கமே இருக்காது.

என்னுடையது பூட்டிய புராசசர். அப்படியானால் வழியே இல்லையா?

பெருக்கெண்ணைத் தொட முடியாது. ஆனால் இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. முதலாவது ராம், அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது. இரண்டாவது மின்வரம்பு. கோர் ஐ5-10400ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெல் வகுத்தபடி அது சுமார் 28 நொடிகளுக்கு 134 வாட் வரை எடுத்துக்கொண்டு வேகமாக ஓடலாம். பிறகு 65 வாட்டுக்கு இறங்க வேண்டும். வீடியோ மாற்றும்போது தொடக்கத்தில் பாய்ந்துவிட்டுப் பிறகு ஏன் தவழ்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். பல பி வரிசை மதர்போர்டுகளில் இந்த வரம்பை உயர்த்தலாம். பெட்டியில் அச்சிட்ட பூஸ்ட் வேகத்தை மீறாமல், அதையே நீண்ட நேரம் வாங்கிக்கொள்கிறோம். குளிர்விப்பும் மதர்போர்டும் தாங்கினால் மலிவான கணினிக்கு இதைவிட நியாயமான மாற்றம் இல்லை.

அடிப்படைத் துடிப்பையே 100இலிருந்து 103, 104 என்று ஏற்றும் வழியைச் சிலர் சொல்வார்கள். பல பலகைகளில் அதே துடிப்போடு கிராபிக்ஸ் கார்டும் எஸ்.எஸ்.டி.யும் இணைந்திருக்கும் தடங்களும் சேர்ந்து ஏறும். மூன்று சதவீத வேகத்துக்காகக் கோப்புகள் கெடும் ஆபத்தை ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

புராசசர் பெட்டியோடு வந்த விசிறியே போதுமா?

பூட்டில்லாத 65 வாட் ரைசனில் சிறிய ஏற்றம் என்றால் சமாளிக்கும். அதற்கு மேல் போகாது. காரணம் ஓர் எளிய கணக்கு: புராசசர் வெளியிடும் வெப்பம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. 3.6 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டிலிருந்து 4.0 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்குப் போனால் வேகம் 11 சதவீதம் கூடுகிறது. வெப்பமோ சுமார் 40 சதவீதம் கூடுகிறது. 65 வாட் வெளியிட்ட சில்லு 91 வாட்டை நெருங்கிவிடும். அந்த விசிறியின் அடியில் உள்ள சின்ன அலுமினிய ஹீட்சிங்க் (வெப்பத்தை இழுத்துக் காற்றில் விடும் உலோகப் பகுதி) அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

நான்கு செப்புக் குழாய்கள் கொண்ட, 120 மி.மீ. விசிறி பொருத்திய ஒரு சாதாரணக் கோபுர ஹீட்சிங்க் இந்த வகைப் புராசசர்களுக்குத் தாராளம். தண்ணீர்க் குளிர்விப்பு தேவையே இல்லை. ஹீட்சிங்க் வாங்கும் முன் அது அடங்குமா என்று கணினிப் பெட்டியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்.

மதர்போர்டு விலை குறைந்தது. புராசசருக்கு மட்டும் நல்ல ஹீட்சிங்க் போட்டால் போதாதா?

போதாது. பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை, புராசசருக்குத் தேவையான 1.2, 1.3 வோல்ட்டாக இறக்கித் தருவது மதர்போர்டில் புராசசரைச் சுற்றி அமைந்த மின் சீராக்கும் பகுதி. அதை வி.ஆர்.எம். என்பார்கள். மலிவான பலகைகளில் இதன் மீது ஹீட்சிங்க்கூட இருக்காது. மேலே சொன்ன 40 சதவீதக் கூடுதல் சுமை முழுவதும் இதன் வழியாகத்தான் போகிறது. இது அளவுக்கு மீறிச் சூடானால் புராசசரின் வேகத்தைப் பலகையே திடீரென்று வெட்டிவிடும். புராசசர் வெப்பம் 70 டிகிரிதானே காட்டுகிறது என்று நீங்கள் குழம்புவீர்கள்.

கோபுர ஹீட்சிங்க் போட்டவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. பெட்டியோடு வரும் விசிறி கீழ்நோக்கி ஊதும். அந்தக் காற்று வி.ஆர்.எம். பகுதியையும் தடவிச் செல்லும். கோபுரம் பக்கவாட்டில் ஊதுவதால் அந்தக் காற்று நின்றுவிடுகிறது. கணினிப் பெட்டியின் பின்புறம் ஒரு வெளியேற்று விசிறியாவது வையுங்கள். வி.ஆர்.எம்.மில் ஹீட்சிங்க் இல்லாத பலகையில் ஆறு கோருக்கு மேற்பட்ட புராசசரை ஓவர்கிளாக் செய்ய நான் யாரையும் ஊக்குவிப்பதில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

பயாஸைத் தொடுவதற்கு முன் இன்றைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை நிரலை ஓட்டி ஒரு கோர் மதிப்பெண், எல்லாக் கோர் மதிப்பெண், அப்போதைய உச்ச வெப்பம் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதோடு நீங்கள் அன்றாடம் செய்யும் வேலை ஒன்றையும் கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள்: ஒரு வீடியோவை மாற்ற எவ்வளவு நேரம், ஒரு நிரலைத் தொகுக்க எவ்வளவு நேரம் என்று. இந்தத் தாள் இல்லாமல் செய்த ஓவர்கிளாக் பலன் தந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது. தேவையான கோப்புகளை வேறோர் இடத்தில் நகல் எடுத்துவைப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

பிறகு ராமைத் தொடாமல் புராசசரை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், கோளாறு வரும்போது எதைக் குற்றம் சொல்வது? மின்னழுத்தத்தை ஒரு மிதமான அளவில் நிறுத்தி, வேகத்தை 50 அல்லது 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டுங்கள். விண்டோஸில் பத்து நிமிடம் சோதனை நிரல் ஓட்டுங்கள். தாங்கினால் அடுத்த படி. தாங்காத இடத்தில் மின்னழுத்தத்தை 0.0125 அல்லது 0.025 வோல்ட் மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதை உங்கள் தாளே சொல்லிவிடும். நான் வைத்திருந்த ரைசன் 5 1600, 3.7 கிகாஹெர்ட்ஸுக்கு 1.2 வோல்ட் கேட்டது, 3.8க்கு ஏறக்குறைய 1.28, 3.9க்கு 1.38. முதல் நூறு மெகாஹெர்ட்ஸுக்கு 0.08 வோல்ட், அடுத்த நூறுக்கு 0.10. இப்படி ஒவ்வொரு படிக்கும் விலை கூடிக்கொண்டே போகும் இடத்தில் நான் திரும்பிவிட்டேன். அந்தக் கணினி தன் வாழ்நாள் முழுவதும் 3.8இல் ஓடியது. 3.9இல் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தபோது விசிறிச் சத்தத்தைத் தவிர எந்த வித்தியாசத்தையும் நான் உணரவில்லை.

எவ்வளவு வோல்ட் வரை போகலாம்?

தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஒன்றுக்குச் சொன்ன எண்ணை மற்றொன்றில் வைக்காதீர்கள். எல்லாக் கோர்களும் சுமையில் இருக்கும்போது நான் கடைப்பிடிக்கும் எல்லைகள் இவை: முதல் இரண்டு தலைமுறை ரைசனில் 1.35 வோல்ட், 3000 வரிசையில் 1.3க்குக் கீழே. மேலே எழுதிய 1.38 இரண்டே நாள் சோதனைக்கு வைத்தது, அதைப் பின்பற்றாதீர்கள். பயாஸில் 'ஆட்டோ' என்று விட்டுவிட்டுப் பெருக்கெண்ணை மட்டும் ஏற்றுவது பெரிய தவறு. சில பலகைகள் தாங்களாகவே தேவைக்கு மேல் மின்னழுத்தத்தை ஏற்றிவிடும்.

இன்னொன்று: பயாஸில் 1.30 என்று வைத்தாலும் சுமை ஏறும்போது அது 1.26க்கு இறங்கலாம். இது இயல்பு. இந்த இறக்கத்தை ஈடுகட்டும் அமைப்பை எல்.எல்.சி. என்பார்கள். அதை உச்சத்தில் வைத்தால் சுமை விலகும் கணத்தில் மின்னழுத்தம் எகிறும். நடுநிலையில் வையுங்கள், சுமையில் என்ன காட்டுகிறது என்பதையே கணக்கில் எடுங்கள்.

நான் எதையும் மாற்றவே இல்லை. ஆனால் என் ரைசன் 1.45 வோல்ட் காட்டுகிறதே, நீங்கள் 1.3 என்கிறீர்களே?

இந்தப் பயம் நியாயமானது, ஆனால் தேவையற்றது. ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் சில கணங்கள் உச்ச பூஸ்டுக்கு ஏறும்போது புராசசர் தானே அந்த அளவைக் கேட்டு வாங்குகிறது. அப்போது ஓடும் மின்னோட்டம் சிறியது. சுமை எல்லாக் கோர்களுக்கும் பரவியதும் மின்னழுத்தத்தைத் தானே இறக்கிக்கொள்கிறது. நாம் கையால் 1.45 என்று நிலைநிறுத்தினால் அந்த இறக்கம் நடக்காது. முழு மின்னோட்டமும் அந்த அழுத்தத்திலேயே, மணிக்கணக்கில் பாயும். சில்லைத் தேய்ப்பது அதுதான்.

வெப்பம் எத்தனை டிகிரி வரை பரவாயில்லை?

ரைசன்களில் பெரும்பாலானவற்றுக்கு உச்சவரம்பு 90 அல்லது 95 டிகிரி செல்சியஸ். இன்டெலில் பலவற்றுக்கு 100. அதைத் தொட்டதும் புராசசர் தன் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். கடுமையான சோதனையில் 85க்குள்ளும், அன்றாட வேலையில் 75க்குள்ளும் இருந்தால் எனக்கு நிம்மதி. அறை வெப்பம் பத்து டிகிரி ஏறினால் புராசசரும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி ஏறும். குளிரான நாளில் 84 காட்டியதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள்.

விண்டோஸ் திறந்துவிட்டது, கேமும் ஒரு மணி நேரம் ஓடியது. இதற்கு மேல் என்ன சோதனை?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். இதில்தான் அதிகம் பேர் நஷ்டப்படுகிறார்கள். நிலையற்ற ஓவர்கிளாக் எப்போதும் நீலத்திரை காட்டி நிற்பதில்லை. சில நேரம் ஒரே ஒரு பிட் தவறாக எழுதப்பட்டு, கணினி எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். என் நண்பர் ஒருவர் குடும்பப் புகைப்படங்களைச் சுருக்கி ஒரே கோப்பாக வைத்தார். மாதங்கள் கழித்துத் திறந்தபோது பாதிக் கோப்பு பிழை என்றது. அவர் கணினி ஒருநாளும் நின்றதில்லை. ராமைச் சோதித்தபோது முதல் சுற்றிலேயே பிழைகள் வந்தன. அசல் படங்களை அவர் முன்பே அழித்திருந்தார். இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

ஆகவே மூன்று வகைச் சோதனை வேண்டும். பிரைம்95 அல்லது ஓ.சி.சி.டி. போன்ற கணக்குச் சோதனை இரண்டு மணி நேரமாவது. இவை விடையைச் சரிபார்ப்பதால் கணினி நிற்காவிட்டாலும் பிழையைக் காட்டிக்கொடுக்கும். ராமுக்கு மெம்டெஸ்ட்86, ஓர் இரவு முழுவதும். மூன்றாவது சும்மா இருக்கும் சோதனை: கணினியை வேலை எதுவும் கொடுக்காமல் விட்டுவிட்டுச் சிறிது நேரம் கழித்துத் திரும்புங்கள். சுமையைத் தாங்கும் சில ஓவர்கிளாக்குகள், சுமையிலிருந்து இறங்கும்போது விழுந்துவிடும்.

இவற்றுக்குப் பிறகு விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து, டபிள்யூ.ஹெச்.இ.ஏ. என்ற பெயரில் எச்சரிக்கைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வன்பொருள் தானே திருத்திக்கொண்ட பிழைகள் அங்கே பதிவாகும். ஒன்றே ஒன்று இருந்தாலும் ஒரு படி கீழே இறங்கிவிடுங்கள்.

அண்ணா, பயாஸில் மாற்றிவிட்டுச் சேமித்தேன். இப்போது திரையே வரவில்லை. புராசசர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் சில நிமிடங்கள் கைவைக்காமல் காத்திருங்கள். ராம் அமைப்பை மாற்றியிருந்தால் கணினி தானே இரண்டு மூன்று முறை அணைந்து எழும். பல பலகைகள் தோற்றதை உணர்ந்து பழைய அமைப்புக்குத் தாமே திரும்பிவிடும்.

அப்படியும் வராவிட்டால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில், பயாஸ் அமைப்புகளை வைத்திருக்கும் சி.எம்.ஓ.எஸ். நினைவை அழிப்பதற்கென்று உள்ள இரண்டு ஊசிகளைச் சில நொடிகள் ஒரு திருப்புளியால் இணையுங்கள். அல்லது நாணயம்போல் இருக்கும் 3 வோல்ட் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பயாஸ் அமைப்புகள் எல்லாம் தொடக்க நிலைக்குப் போகும், கோப்புகள் அழியாது. ஆனால் உங்கள் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், இதற்குப் பிறகு 48 இலக்க மீட்புச் சாவியை விண்டோஸ் கேட்கக்கூடும். அந்தச் சாவியை முன்கூட்டியே எழுதி வைக்காமல் பயாஸைத் தொடாதீர்கள்.

4.1 கிகாஹெர்ட்ஸ் நிலையாக ஓடுகிறது. ஆனால் சில வேலைகள் முன்பைவிட மெதுவாகிவிட்டன. எப்படி?

ரைசன் 5 3600ஐ வைத்திருப்பவர்கள் அடிக்கடி இதைக் கேட்பார்கள். அந்தப் புராசசர் ஒரு கோர் வேலையில் தானாகவே 4.2 வரை ஏறக்கூடியது. எல்லாக் கோர்களையும் 4.1இல் கையால் நிலைநிறுத்தினால் அந்தத் தானியங்கி ஏற்றம் அணைந்துவிடுகிறது. பல கோர் வேலையில் சற்று லாபம். ஒரு கோர் வேலையில் நஷ்டம். அன்றாடப் பயன்பாட்டில் பெரும்பகுதி ஒரு கோர் வேலைதான்.

வேறொரு காரணமும் உண்டு. மின்னழுத்தம் போதாதபோது புதிய ரைசன்கள் விழுவதற்குப் பதிலாகத் துடிப்பை உள்ளுக்குள் நீட்டிக்கொள்கின்றன. திரையில் 4.1 என்றே காட்டும். வேலை அதைவிடக் குறைந்த வேகத்தில் நடக்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ நிரலில் 'எஃபெக்டிவ் கிளாக்' என்ற வரியை முழுச் சுமையில் பார்த்தால் உண்மை வெளிப்படும். தொடக்கத்தில் எழுதிவைக்கச் சொன்ன தாள் இங்கேதான் கைகொடுக்கிறது: வேகம் எவ்வளவு என்று காட்டும் எண்ணை நம்பாமல், வேலை முடிந்த நேரத்தை நம்புங்கள்.

அப்படியானால் ரைசனில் என்னதான் செய்வது?

முதல் இரண்டு தலைமுறைகளில் கையால் நிலைநிறுத்துவது பலன் தரும்; அவற்றின் தானியங்கி பூஸ்ட் எல்லாக் கோர் வேலையில் அடக்கமானது. 5000 வரிசையிலிருந்து, தானியங்கி பூஸ்டின் வரம்புகளைத் தளர்த்தும் பி.பி.ஓ. என்ற வசதியையும், அதனுள் உள்ள கர்வ் ஆப்டிமைசரையும் பயன்படுத்துங்கள். கர்வ் ஆப்டிமைசர் ஒவ்வொரு கோரும் கேட்கும் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைக்கிறது. வெப்பம் குறைவதால் கிடைக்கும் இடத்தில் புராசசர் தானே வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. வேகம் கூடி வெப்பமும் கட்டுக்குள் இருக்கும் அபூர்வமான வழி இது. எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 என்று தொடங்கி, மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் செய்து, மைனஸ் 15, 20 என்று இறங்குங்கள். இங்கே மூன்றாவது சோதனையைத் தவிர்க்கவே கூடாது. கர்வ் ஆப்டிமைசர் பெரும்பாலும் தோற்பது சுமை இல்லாத நேரத்தில்தான்.

ராமை எக்ஸ்.எம்.பி.யில் போடுவதும் ஓவர்கிளாக்கிங்தானா? 3200 வாங்கினேன், 1600 என்று காட்டுகிறதே?

ஆம், ராம் தயாரித்தவர்கள் அதிலேயே பதித்துவைத்த எக்ஸ்.எம்.பி. என்ற வேக அமைப்பைத் தேர்ந்தெடுப்பதும் விதிப்படி ஓவர்கிளாக்கிங்தான். ஆனாலும் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது அதையே. 3200 என்று வாங்கிய டி.டி.ஆர்.4 ராம், எக்ஸ்.எம்.பி.யைத் தேர்ந்தெடுக்காதவரை பெரும்பாலும் 2133 அல்லது 2400, 2666இல் ஓடிக்கொண்டிருக்கும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்தாமலே இருந்தவர்கள் உண்டு. பயாஸில் ஒரே தேர்வு. ராமுக்கான மின்னழுத்தம் 1.2இலிருந்து பொதுவாக 1.35 ஆகும். 1600 என்று காட்டுவது கோளாறு இல்லை. டி.டி.ஆர். ராம் ஒரு துடிப்புக்கு இருமுறை தகவல் அனுப்புகிறது. 1600ஐ இரண்டால் பெருக்கினால் 3200.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 3 3200ஜி போன்ற சில்லின் உள்ளமைந்த கிராபிக்ஸில் கேம் ஆடுபவர்களுக்கு ராம் வேகம் எல்லாவற்றையும்விட முக்கியம். கிராபிக்ஸும் அதே ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஒற்றை ராம் தகடு வைத்திருந்தால், ஓவர்கிளாக்கை மறந்துவிட்டு முதலில் இரண்டாவது தகட்டைப் போடுங்கள். இரட்டைத் தடம் தரும் பலனைப் புராசசரில் எந்த ஏற்றமும் தராது.

நீங்கள் சொன்னபடியே செய்தேன், மதிப்பெண் ஏறியது. ஆனால் கேமில் எஃப்.பி.எஸ். (நொடிக்கு வரும் காட்சிச் சட்டங்களின் எண்ணிக்கை) அப்படியே இருக்கிறதே?

கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். 97, 98 சதவீதம் என்றால் தடை அங்கே இருக்கிறது; புராசசர் காத்துக்கொண்டிருக்கிறது. காட்சித் தரத்தை மிகக் குறைத்து மீண்டும் ஓட்டினால் புராசசரின் லாபம் தெரியும். சராசரி மாறாவிட்டாலும், கூட்டமான காட்சிகளில் ஏற்படும் திடீர்த் திணறல் குறைந்திருக்கலாம். அதையும் கவனியுங்கள்.

விண்டோஸில் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்தினால் ஓவர்கிளாக் செய்யும் நிரல்கள் இருக்கின்றனவே?

தேடலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.எம்.டி.யின் ரைசன் மாஸ்டர், இன்டெலின் எக்ஸ்.டி.யூ. இரண்டும் மறுதொடக்கம் இல்லாமல் சோதிக்க உதவும். கண்டுபிடித்த எண்களைப் பிறகு பயாஸில் நீங்களே எழுதுங்கள். மதர்போர்டின் ஒற்றைப் பொத்தான் வசதிகள் எல்லாச் சில்லுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக மின்னழுத்தத்தைத் தாராளமாகவே வைக்கும்.

ஆயுள் குறையுமா? வாரண்டி போய்விடுமா?

குறையும், எவ்வளவு என்பது மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. அதிக மின்னோட்டம் காலப்போக்கில் சில்லுக்குள் உள்ள நுண்ணிய உலோகப் பாதைகளின் அணுக்களையே இடம்பெயரச் செய்யும். மின்னழுத்தத்தின் தீங்குக்கு அண்மைச் சான்று 2024இல் கிடைத்தது: இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர்களில் பல, பயனர் எதையும் மாற்றாமலே தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கியதால் நிலைகுலைந்தன. நிறுவனம் அதைத் திருத்தும் புதுப்பிப்புகளை வெளியிட்டு வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. மேலே சொன்ன எல்லைக்குள் நின்றால், புராசசர் தேய்வதற்கு முன் நீங்களே அதை மாற்றிவிடுவீர்கள் என்பது என் அனுபவம்.

ஓவர்கிளாக்கிங்கால் நேரும் சேதத்தை இரு நிறுவனங்களின் வாரண்டியும் ஏற்பதில்லை. பூட்டில்லை என்பதற்கு அனுமதி உண்டு என்று பொருள் கொள்ளாதீர்கள். பி.பி.ஓ.வுக்கும் இது பொருந்தும்.

ஆறு மாதம் அருமையாக ஓடியது. இப்போது திடீரென்று நீலத்திரை வருகிறது. என்ன செய்வது?

எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் ஓட்டுங்கள். அப்போதும் நீலத்திரை வந்தால் காரணம் ஓவர்கிளாக் ஏற்றம் மட்டுமில்லை. ராம், பவர் சப்ளை, வட்டு என்று தேட வேண்டும். வராவிட்டால் முதலில் தூசியைத் துடைத்துத் தெர்மல் பேஸ்டைப் புதிதாகப் பூசுங்கள். பருவம் மாறி அறை சூடேறியிருந்தாலே விளிம்பில் நின்றது விழுந்துவிடும். இவை எதுவும் இல்லையென்றால் சில்லு சற்றுத் தேய்ந்திருக்கிறது. அப்போது மின்னழுத்தத்தைக் கூட்டிப் பழைய வேகத்தைப் பிடித்துவைக்க முயலாதீர்கள். அது தேய்மானத்தை விரைவுபடுத்தும். நூறு மெகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுங்கள்.

என்னிடம் இருப்பது ஒரே கணினி. படிப்பும் வேலையும் அதில்தான். நான் இதில் இறங்கலாமா?

ஒரு வரிசை சொல்கிறேன். எக்ஸ்.எம்.பி.யைப் போட்டு ஓர் இரவு மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். இன்டெல் என்றால் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டு மின்வரம்பை மெல்ல உயர்த்துங்கள். 5000 வரிசை அல்லது அதற்குப் பிந்தைய ரைசன் என்றால் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 10இலேயே நில்லுங்கள். கிடைக்கக்கூடிய பலனில் பெரும்பகுதி இந்த மூன்றிலேயே வந்துவிடும். கையால் நிலைநிறுத்தும் ஏற்றத்தையும் அடிப்படைத் துடிப்பை மாற்றுவதையும் இரண்டாவது கணினி ஒன்று வரும்வரை தள்ளிவையுங்கள். தேர்வோ ஒப்படைப்போ இருக்கும் வாரத்தில் பயாஸ் பக்கமே போகாதீர்கள்.

இறுதியில் நிலைத்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கக் கதவின் உள்புறம் ஒட்டிவையுங்கள். பயாஸைப் புதுப்பிக்கும் நாளிலோ, அந்தச் சின்ன 3 வோல்ட் பேட்டரி தீரும் நாளிலோ எல்லா அமைப்புகளும் அழிந்துபோகலாம். எழுதிவைக்காதவர்கள் வாரக்கணக்கான சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.